இரண்டாவது கல்

அருவியில் குளிப்பதற்கென்றே வாங்கிய ரப்பர் செருப்பை நான் காலில் மாட்டிய நேரம் பார்த்து அந்தப் பெண் லாட்ஜ் வாசலில் வந்து நின்றாள். கையில் எங்கள் விசிட்டிங் கார்டு. முகத்தில் அழுது ஓய்ந்த வீக்கம். இன்றைக்கு அருவி இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வினையை நானேதான் நேற்று கை நீட்டிக் கொடுத்திருந்தேன். மாலையில் நாங்கள் போவதற்குள் கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள். கீழ்வாசலில் இந்தப் பெண் தைலம் விற்றுக்கொண்டிருந்தாள். சும்மா திரும்ப மனமில்லாமல் நின்று, எங்கள் அண்ணி எப்பேர்ப்பட்ட துப்பறிவாளர், நான் அவருக்கு எப்பேர்ப்பட்ட வலது கை என்று அளந்துவிட்டு, கார்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். வலது கை என்றால் கார் ஓட்டுவது, பை தூக்குவது, அண்ணி யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. முதல் இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

அண்ணன் உள்ளே போர்வைக்குள் இருந்தார். மலை ஊர்களில் பார்க்க வேண்டிய இடங்களில் முதன்மையானது கட்டில் என்பது அவர் கொள்கை. அண்ணி அந்தப் பெண்ணை உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, நிதானமாகக் கேட்டார்.

அவள் கணவர் கோட்டையில் கைடு. காலையில் முதல் கூட்டத்தை உள்ளே அழைத்துப் போனார். கோட்டைக்குள் ஒரு சின்னக் கோயில், அதில் ஒரு வெண்கல மணி. மாம்பழ அளவுதான், ஆனால் கோட்டையைக் கட்டிய ராஜா காலத்துச் சரக்கு. கூட்டம் கோயிலைத் தாண்டிய சற்று நேரத்தில் காவலாளி வந்து பார்த்தால் கொக்கி மட்டும் தொங்குகிறது. பழி கைடு தலையில் விழுந்தது. அவர் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜை இன்ஸ்பெக்டர் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"ஜீப் வந்ததும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்க்கா. மலைப்பாதையில மேகம் இறங்கியிருக்கு, அதனாலதான் இன்னும் வரலை" என்றாள். "அந்த பேட்ஜ் போச்சுன்னா அவருக்கு வேற வழியே இல்ல. ராஜா கதையைத் தவிர எந்தக் கதையும் சொல்லத் தெரியாத மனுஷன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. ஊருக்கு வந்த அத்தனை பேரும் மேகம் எப்போது கலையும், பள்ளத்தாக்கை எப்போது பார்க்கலாம் என்று காத்துக் கிடக்க, எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அது கலையக் கூடாது என்றாகிவிட்டது.

அண்ணி சால்வையை எடுத்தார். "தம்பி, செருப்பை மாத்திட்டு வா."

கீழ்வாசல் வளைவுக்கு அடியில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மீசைக்கு மட்டும் ஊரே தன்னுடையது என்ற நினைப்பு. உட்கார்ந்த இடத்திலேயே வழக்கை முடித்துவிட்ட திருப்தியில் இருந்ததால், அண்ணியின் கார்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

கோயிலை ஒட்டி ஒரு சுரங்கப்பாதை ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்தில் ராஜா தப்பித்து ஓட வெட்டியது. தரை வழுக்கும் என்பதால் எல்லோரும் செருப்பையும் ஷூவையும் வலது கையில் எடுத்துக்கொண்டு, இடது கையால் சுவரைப் பிடித்தபடி இருட்டில் நடந்து கீழ்வாசலுக்கு வந்து சேர வேண்டும். காலையில் போனவர்கள் நான்கே பேர். புதுமணத் தம்பதி, தொப்பி போட்ட ஒரு பேராசிரியர், கழுத்தில் பெரிய கேமரா தொங்கும் ஒரு நெட்டை மனிதர். மணியைக் காணோம் என்று காவலாளி மேலிருந்து போனில் கத்த, கீழே இருந்த கான்ஸ்டபிள்கள் அத்தனை பேரையும் நிறுத்திச் சோதித்தார்கள். கைடு உட்பட யாரிடமும் மணி இல்லை. சுரங்கத்திலும் டார்ச் அடித்துத் தேடினார்கள், அங்கேயும் இல்லை.

"அப்புறம் எப்படி சார் கைடுதான்னு சொல்றீங்க?" என்றேன்.

"சுரங்கத்துக்கு நடுவுல கூட்டத்தை நிறுத்தியிருக்கான். கொஞ்ச நேரம் ஒரே சத்தம், குழப்பம்னு நாலு பேரும் சொல்றாங்க. எதுக்குய்யா நிறுத்தினேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். அந்த நேரத்துல நமக்குத் தெரியாத ஏதோ பொந்துல மணியைச் செருகிட்டான். ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி கேட்டா சொல்லுவான்."

கைடு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பேட்ஜ் இருந்த இடத்தில் சட்டை இரண்டு ஓட்டையோடு வெறிச்சென்று இருந்தது. அண்ணி அவரிடம் ராஜாவைப் பற்றிக் கேட்டார், கடகடவென்று சொன்னார். மணியைப் பற்றிக் கேட்டார், கண் கலங்கிச் சொன்னார். நடுவில் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். கைடு தரையைப் பார்த்தார். பிறகு தைலப் பெட்டியோடு நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார்.

இந்த ஆள்தான் எடுத்திருக்கிறான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

"சுரங்கத்தைப் பார்த்துட்டு வந்துடறோம்" என்று அண்ணி அனுமதி வாங்கினார். கோட்டையைச் சுற்றிப் படியேறி மேல்வாசல் வழியாக உள்ளே போனோம். வெளிச்சம் மட்டும் இருந்திருந்தால் அது கண்கொள்ளாக் காட்சி. பீரங்கி மேடை, பாசி படிந்த குளம், மதிலுக்கு அப்பால் அடுக்கடுக்காக மலைகள் இருப்பதாகப் பலகை ஒன்று சொன்னது. பலகையைத்தான் பார்க்க முடிந்தது. கோயில் உண்மையிலேயே சின்னது, நாலு தூண், ஒரு கூரை. காவலாளி வெறும் கொக்கியை எங்களுக்குக் காட்டிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

சுரங்கத்தில் நான் முன்னால், அண்ணி பின்னால். வலது கையில் செருப்பு, செருப்போடு சேர்த்துப் பிடித்த போன் டார்ச், வெளிச்சமெல்லாம் வழுக்கும் தரைமேல். கொஞ்ச தூரத்தில் ஒரு கல் குறுக்கே தாழ்ந்திருந்தது. சுவரில் சிவப்புப் பெயிண்டில் அம்புக்குறி போட்டு எச்சரித்திருந்தார்கள். ஒழுங்காகக் குனிந்து, தாண்டி, இதெல்லாம் நமக்கு ஜுஜுபி என்று நிமிர்ந்து, ஒரு திருப்பத்தில் வளைந்தேன்.

மண்டைக்குள் ஒரு பீரங்கி வெடித்தது.

"என்ன தம்பி சத்தம்?"

"என் தலை அண்ணி."

இரண்டாவது கல். அம்புக்குறியும் இல்லை, பெயிண்டும் இல்லை. வலது பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி கச்சிதமான உயரம், அதற்கு அடியில் தலை நிமிர்ந்தே நடந்து வந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கல்லை ஓர் அறை அறையலாம் என்று கையை ஓங்கினேன். கை கல்லுக்கு மேலே போய் ஒரு குழிக்குள் விழுந்தது. விரலில் ஏதோ துணி பட்டது. துணிக்கு அடியில் சில்லென்று உலோகம்.

"அண்ணி, மணி" என்றேன். வலிகூட மறந்துவிட்டது.

"எடுக்காதே. கையை வெளிய எடு."

"கான்ஸ்டபிள்கள் தேடினாங்களே, எப்படிக் கிடைக்கலை?"

"அவங்க இந்த ஊர்க்காரங்க. இந்தக் கல்லு வந்தா கால் நிக்கறதுக்கு முன்னாடி தலை குனிஞ்சிடும். குனிஞ்ச தலையோட போறவன் கல்லுக்கு மேல என்ன இருக்குன்னு என்னைக்குப் பார்த்தான்?"

இப்போதே எடுத்துப் போய்க் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கொடுத்தால் இன்ஸ்பெக்டர் நம் கையைக் குலுக்கிவிட்டு, பொந்து கிடைத்துவிட்டது என்று கைடுக்கு விலங்கு மாட்டுவார் என்றார் அண்ணி. நியாயம்தான். வாயை மூடிக்கொண்டு இருட்டில் தலையைத் தடவியபடி வெளியே வந்தேன்.

வெளியே வந்த கையோடு, தைலக்காரப் பெண் என் நெற்றியைப் பார்த்து பழக்க தோஷத்தில் மூடியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே உறைந்து போனாள்.

அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டார். "முதல் கல்லுக்கு எச்சரிக்கை உண்டு. இரண்டாவதுக்கு ஏன்மா இல்லை?"

அவள் அழுகையும் வெட்கமுமாகக் கொட்டிவிட்டாள். முதல் கல்லை அவள் கணவர் சத்தமாகச் சொல்லுவார். இரண்டாவதைச் சொல்ல மாட்டார். எல்லோரும் வரிசையாக இடித்துக்கொள்வார்கள், இருட்டில் ஒரே கூச்சல், பிறகு ஒரே சிரிப்பு. கீழே வந்தால் தைலம் தயாராக இருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியில் சொல்வதில்லை. இன்ஸ்பெக்டரிடம் இதை எப்படிச் சொல்வது? திருடன் என்று பேட்ஜைப் பிடுங்கியவர், மோசடிக்காரன் என்று நிரந்தரமாகப் பிடுங்கிவிடுவார். கைடின் மௌனத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

கணவன் இடிக்க வைக்கிறான், மனைவி தடவி விடுகிறாள். இவ்வளவு ஒற்றுமையான தம்பதியை நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் நெற்றி வலித்தது.

"தம்பி, யோசி" என்றார் அண்ணி. "அந்த நாலு பேரும் இன்னைக்குத்தான் முதல் தடவையா வந்தோம்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்காங்க. முதல் தடவை வந்த ஆள், உயரமான ஆள், இந்தக் கல்லுல இடிக்காம வர முடியாது. இடிக்காதவன் யாரு?"

எனக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதே இல்லை. தைலக்காரப் பெண் பின்னாலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் நிற்கவில்லை.

நான்கு பேரும் மதிலோரம் பெஞ்சில் இருந்தார்கள். புது மாப்பிள்ளை நெற்றியில் எலுமிச்சம்பழம். புதுப்பெண் குட்டை, புடைப்பு இல்லை, கணவனைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நெட்டைக் கேமராக்காரர் நெற்றியில் தைலம் பளபளத்தது, பாவம். பேராசிரியர் உயரத்துக்குக் குறைவில்லை. ஆனால் முகம் பளிங்கு. ஒரு கீறல் இல்லை, தைல வாசனை இல்லை. புத்தகம் வேறு படித்துக்கொண்டிருந்தார்.

நேராக அவர் முன்னால் போய் நின்றேன். கோட்டைக்கு இது எத்தனையாவது விஜயம் என்று கேட்டேன். முதல் தடவை என்றார். எங்கள் தலையெல்லாம் வீங்கியிருக்க உங்கள் தலை மட்டும் வீங்காத ரகசியம் என்ன என்று, மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கும்படி, குரலை உயர்த்திக் கேட்டேன். பேராசிரியர் புத்தகத்தை மூடி, தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கெட்டி அட்டை வைத்துத் தைத்த தொப்பி. அதன் வலது பக்கம் உள்ளே போய்ச் சப்பளிந்திருந்தது.

"எனக்கு வீங்க வேண்டியதை இது வாங்கிக்கிட்டது" என்றார்.

அசடு வழியத் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணி தூரத்தில் நின்று என்னைப் பார்க்காத மாதிரி பள்ளத்தாக்கைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், பார்க்கப் பள்ளத்தாக்கு இருந்தது. மேகம் கிழிந்து, கீழே ஒரு பச்சைத் துண்டும், அதில் நெளியும் சாலையும் தெரிந்தது. சுற்றுலாப் பயணிகள் கை தட்டினார்கள். தைலக்காரப் பெண் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அவ சொல்ல வந்ததைக் கேட்டிருந்தா தொப்பியைச் சீண்டியிருக்க மாட்டே" என்றார் அண்ணி பக்கத்தில் வந்து. என்ன சொன்னாள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இன்ஸ்பெக்டரிடம் போய்விட்டார். இதுதான் அண்ணியிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம்.

இன்ஸ்பெக்டரிடம் அவர் பேசியது தேன். குற்றவாளியை ஸ்டேஷனுக்குக் கொண்டு போகுமுன் குற்றம் நடந்த இடத்தை அதிகாரி ஒருமுறை நேரில் பார்ப்பதுதானே முறை, மேலேயிருந்து கேட்டால் என்ன சொல்வது, ஜீப் வருவதற்குள் முடிந்துவிடும் என்றார். மேலேயிருந்து என்ற வார்த்தையில் மீசை சற்றுத் தளர்ந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் உடன் கிளம்பினார். "ஒத்தையா போங்க சார், கவனம் சிதறாது" என்று அண்ணி அவரை நிறுத்திவிட்டார்.

மேல்வாசல் வழியாகப் போனவர் சுரங்கத்திலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்தோம். கைடுக்கு அண்ணி செய்தது புரிந்துவிட்டது, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து முதலில் ஒரு மந்தமான சத்தம் வந்தது. அடுத்து, சட்டப் புத்தகத்தில் இல்லாத சில வார்த்தைகள். கான்ஸ்டபிள்கள் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். நெற்றியின் வலது பக்கம் பழுத்துச் சிவந்திருந்தது, கையில் மணி இருந்தது. அவரும் கல்லை அறைய ஓங்கியிருக்கிறார். கோபத்தில் எல்லா மனிதர்களும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. மணியின் நாக்கு சத்தம் போடாமல் இருக்க அதன்மேல் சாம்பல் நிறத் துணி ஒன்றை இழுத்து மாட்டியிருந்தது.

"ஏய்" என்று அவர் கைடைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அண்ணி. "உங்களுக்கு எந்தப் பக்கம் இடிச்சது?"

"அது இப்ப ரொம்ப முக்கியமா?"

"ரொம்ப. உங்களுக்கு வலது பக்கம். என் கொழுந்தனுக்கும் வலது. மாப்பிள்ளைக்கு வலது. பேராசிரியர் தொப்பிக்கு வலது. கல்லு வலது பக்கம் சரிஞ்சிருக்கு, மேலேயிருந்து வர்ற யாருக்கும் அங்கேதான் விழும்." அண்ணி கேமராக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மட்டும் ஏன் சார் இடது பக்கம் தைலம்?"

கேமராக்காரரின் கை தானாக நெற்றிக்குப் போனது, இடது பக்கம்.

"நீங்க இடிச்சுக்கவே இல்லை. ஏன்னா அந்தக் கல்லு உங்களுக்குப் பழக்கம். வெளிய வந்து பார்த்தா ஆளாளுக்கு நெற்றியைத் தடவறாங்க, உங்க நெற்றி மட்டும் சும்மா இருக்கு. அவசரமா ஒரு தைலம் வாங்கி, எதிர்ல நின்ன மாப்பிள்ளையைப் பார்த்துப் பூசிக்கிட்டீங்க. எதிர்ல நிக்கறவரோட வலது நமக்கு இடது சார்."

"நான் திரும்பிப் பின்னாடி பார்த்துக்கிட்டே நடந்தேங்க" என்றார் கேமராக்காரர். பரவாயில்லை, ஆள் சுதாரிப்புதான். "போட்டோ எடுக்கறதுக்காக."

"அப்ப பின்மண்டையிலதானே பூசியிருக்கணும்?" என்றேன் நான். இத்தனை நாளில் அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தது அந்த ஒரு தடவைதான்.

தைலக்காரப் பெண் முன்னால் வந்தாள். எல்லோரும் திட்டிக்கொண்டே வாங்குவார்கள், இவர் ஒருவர்தான் ஒரு வார்த்தை திட்டாமல் வாங்கினார், அதை இந்த அண்ணனிடம் சொல்ல வந்தேன், அவர் ஓடிவிட்டார் என்றாள். ஓடிய அண்ணனான நான் என் கால்விரல்களைப் பார்த்தேன்.

பார்த்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. மணிமேல் மாட்டியிருந்த துணி வெறும் துணியில்லை. அதற்குக் குதிகால் இருந்தது. சுரங்கத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நடந்தவர்கள், ஷூவை மட்டுமல்ல, ஷூவுக்குள் இருந்ததையும் கையில் வைத்துக்கொண்டு.

"சார், அது சாக்ஸ்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் மணியை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், வாடை மூக்கில் ஏறியதும் முகத்தைச் சுளித்துத் தள்ளிப் பிடித்தார். மாப்பிள்ளை யாரும் கேட்காமலே ஷூவைக் கழற்றி இரண்டு சிவப்பு சாக்ஸைக் காட்டினார். பேராசிரியர் செருப்பு. கேமராக்காரர் நகரவில்லை. கான்ஸ்டபிள் குனிந்து அவர் ஷூவைக் கழற்றினார். வலது காலில் சாம்பல் நிற சாக்ஸ், இடது கால் வெறுங்கால்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் மறைக்கவில்லை. போன வருடம் வந்தபோது கல்லில் இடித்துக்கொண்டு, என்னைப் போலவே கையை ஓங்கி, குழியைக் கண்டுபிடித்தவர். இந்த மாதிரி மணிக்கு வெளியே கிராக்கி. இன்று கூட்டத்துக்குக் கடைசியாக நின்று கழற்றி, குழியில் போட்டுவிட்டு, சந்தடி அடங்கியதும் திரும்பி வந்து எடுப்பதாகத் திட்டம். கீழே ஹாரன் கேட்டது. மேகம் முழுக்கக் கலைந்து, வெயிலில் மலைகள் வரிசையாக நிற்க, ஜீப் கடைசித் திருப்பத்தில் ஏறி வந்துகொண்டிருந்தது. வந்த ஜீப்பில் கேமராக்காரர் ஏறினார்.

கைடு எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து பேட்ஜை எடுத்தார், கொடுக்கவில்லை. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சுரங்கத்துக்கு நடுவுல எதுக்கு நிறுத்தினேன்னு இப்ப எனக்கு நல்லாவே தெரியும்" என்றார். கைடு மனைவியைப் பார்த்தார். திருட்டிலிருந்து தப்பித்துத் தைலத்தில் மாட்டிக்கொண்டார்களே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"சார், அந்தக் கல்லு இல்லேன்னா உங்களுக்கு மணி கிடைச்சிருக்காது" என்றார் அண்ணி.

இன்ஸ்பெக்டர் நெடுநேரம் மீசையைத் தடவினார். தைலக்காரப் பெண் ஒரு புட்டியைத் திறந்து நீட்டினாள். வாங்கி, வலது பக்கமே பூசிக்கொண்டார்.

"இனிமே ரெண்டாவது கல்லையும் சொல்லணும். ஒவ்வொரு கூட்டத்துக்கும். சத்தமா." பேட்ஜைக் கைடின் சட்டையில் அந்தப் பழைய ஓட்டைகளிலேயே குத்திவிட்டு, ஜீப்பை நோக்கி நடந்தார்.

கைடு பேட்ஜை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்து, காத்திருந்த அடுத்த கூட்டத்தை அழைத்துக்கொண்டு மேலே போனார். இன்ஸ்பெக்டர் திருப்பிக் கொடுத்து, காவலாளி கொக்கியில் மாட்டிய மணி ஒருமுறை ஒலித்தது கீழே எங்களுக்குக் கேட்டது. தைலக்காரப் பெண் புட்டிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள். புருஷன் வந்துவிட்டான், வியாபாரம் போய்விட்டது. இரண்டும் அவள் முகத்தில் சேர்ந்து தெரிந்தன.

சுரங்கத்துக்குள்ளிருந்து கைடின் குரல் வந்தது. முதல் கல், குனிங்க. எல்லோரும் குனிந்திருப்பார்கள், சத்தமே இல்லை. சற்றுப் பொறுத்து, சொன்ன சொல் தவறாமல், இன்னும் சத்தமாக, "அடுத்து ரெண்டாவது கல் வருது, நல்லா குனிங்க" என்றார்.

யாரோ ஒருவர், "எங்க?" என்று கேட்டார். எங்கே என்று நிமிர்ந்தும் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு மந்தமான சத்தம். அதன் பின்னாலேயே இன்னொன்று. பிறகு கூச்சல், பிறகு சிரிப்பு.

தைலக்காரப் பெண் எங்களைப் பார்த்தாள். அண்ணி தோளைக் குலுக்கினார். அவள் பெட்டியை மறுபடி திறந்து, புட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.